மொட்டைக் கடிதத்துக்குக் கொம்பு முளைத்தது

"எத்தனை கொம்பு?" என்று அண்ணி கேட்டார்.

"இருபத்தொண்ணு. ஒரு மாட்டுச் சந்தையே நடத்தலாம்."

அண்ணி சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் என் நகைச்சுவையை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். பதினாலு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவர் கணவனின் தம்பி. வண்டி ஓட்டுவது, குறிப்பெடுப்பது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

நாங்கள் மின்னூல் கருவி ரசிகர் மன்றத்தின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கீழே பல் மருத்துவமனை, மாடியில் மன்றம். இரண்டுக்கும் தலைவர் ஒரே பல் டாக்டர்தான். கீழே வருகிறவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள், மேலே வருகிறவர்கள் மூடவே மாட்டார்கள். மன்றத்தில் எண்பத்து மூன்று பேர் உறுப்பினர்கள். ஒருவரையொருவர் பார்த்தால் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை, பேட்டரி எத்தனை வாரம் நிற்கிறது என்று கேட்பார்கள். பக்கம் திருப்பப் பொத்தான் வேண்டும் என்று ஒரு கட்சி, தொட்டால் போதும் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை என்று கேள்வி.

பலகையின் நடுவில் அந்த மொட்டைக் கடிதம் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள். யாரும் உருவிக்கொண்டு போய்விடக் கூடாது என்று டாக்டர் அதன் நான்கு மூலையிலும் பல்லுக்குத் தொப்பி மாட்டுகிற பசையை வைத்துத் தன் கையாலேயே அழுத்தியிருந்தார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'விருதுக்குத் தேர்ந்தெடுத்த நாவலைப் படித்தேன். பதினாலாம் அத்தியாயம் இரண்டு தடவை வருகிறது. பதினைந்தைக் காணோம். கொலைகாரன் யார் என்று தெரியவே இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் யாருமே கடைசி வரை படிக்கவில்லையா? விழாவுக்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால்'

தாளின் அடிவிளிம்பில் போய் முட்டிக்கொண்டு அத்தோடு நின்றது. புள்ளியும் இல்லை, பெயரும் இல்லை.

சொன்ன விஷயத்தைவிட எழுதின விதம்தான் விசித்திரம். கெ, கே, கை என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். இந்தக் கடிதத்தில் எல்லாக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் இருந்தது. 'கொலை'யில் 'க'வுக்குப் பின்னால் கொம்பும் காலும் ஜோடியாக நின்றன, 'ல'வுக்குப் பின்னால் சங்கிலிக் கொம்பு தொங்கியது. மற்றபடி கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஒன்பது நாளுக்கு முன்பு செயற்குழுக் கூட்டத்தில் டாக்டர் தன் கருவிக்கு வாங்கிய புதுத் தோல் உறையைத் திறந்து காட்டியபோது, மடித்த இந்தத் தாள் எல்லோர் முன்னாலும் விழுந்திருக்கிறது. உடனே நாவலின் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். பதினாலு இரண்டு தடவை இருந்தது, பதினைந்து இல்லவே இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்ட எண்பத்து மூன்று பேரில் ஒருவர் தவிர எல்லோரும் தாங்கள் அதை முன்பே கவனித்ததாகவும், நாகரிகம் கருதிச் சொல்லவில்லை என்றும் ஒரே குரலில் அறிவித்தார்கள். நாவலை எழுதியவர் டாக்டரின் தங்கை கணவர். மன்றத்தில் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். நாகரிகத்துக்குக் காரணம் புரிந்திருக்கும்.

குற்றவாளியையும் அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். ஒரு பத்திர அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கும் அம்மாள் ஒருவர். மன்றத்தின் கோப்புகளைத் தயாரிப்பவர் அவர், முந்தின நாள் டாக்டரின் கருவியை வாங்கி நாவலை ஏற்றிக் கொடுத்தவரும் அவர். அத்தியாயம் இல்லை என்பது அதை வெட்டியவருக்குத்தானே தெரியும் என்பது செயற்குழுவின் தர்க்கம். இன்று மாலை ஐந்து மணிக்கு விருது விழா. அந்த மேடையிலேயே அவரை நீக்குவதாக ஏற்பாடு. எங்களிடம் எதிர்பார்த்தது துப்பு இல்லை, முத்திரை.

டைப்பிஸ்ட் அம்மா மூலை நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சில் இல்லாமல் போன பழைய புத்தகங்களை ஆபீஸ் முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தாக அடித்து மின்னூலாக்குகிறார், ஒன்பது வருஷமாக. இதுவரை இருநூற்றுப் பதினாலு. எல்லாம் மன்றத்தின் அலமாரியில் மன்றத்தின் பெயரில் இருக்கின்றன. நீக்கிவிட்டால் அந்த அலமாரியை அவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அண்ணி அவரிடம் பேனாவைக் கொடுத்து, கடிதத்தை அதே மாதிரி கொம்பைப் பின்னால் போட்டு எழுதச் சொன்னார். முதல் சொல்லிலேயே கை தடுமாறியது. மூன்றாவது சொல்லில் கொம்பு தானாக முன்னால் வந்து உட்கார்ந்தது. அடித்தார், மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார். நாலு வரிக்குள் தாள் கோழி கிளறிய குப்பையாகிவிட்டது.

"வேணும்னே தப்பா எழுதறவங்க ஒரு எடத்துலயாவது மறந்துபோய்ச் சரியா எழுதிடுவாங்க" என்றார் அண்ணி. "இதுல இருபத்தொண்ணும் தப்பு. ஒரு அடித்தல் இல்லை. எழுதினவங்க இதுதான் சரின்னு நம்பி எழுதியிருக்காங்க தம்பி."

"அப்ப உங்க பேர்ல தப்பு இல்லைம்மா" என்றேன் டைப்பிஸ்ட் அம்மாவிடம்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு என்னுதுதான் சார். மத்த இருநூத்திப் பதினாலும் நான் எழுத்தெழுத்தா அடிச்சது. இது மாப்பிள்ளை முடிச்சுக் குடுத்த கோப்பு. வாங்கி அப்படியே மாத்திப் போட்டுட்டேன். படிக்கலை. நானும் அஞ்சு நட்சத்திரம் போட்டேன்."

எண்பத்து மூன்று பேரில் உண்மையைச் சொன்ன ஒரே ஆளைத்தான் வெளியே அனுப்பப் போகிறார்கள்.

அடுத்து, மன்றத்தின் வாரச் செய்தித்தாளை நடத்துகிற செய்தி ஆசிரியரைப் பிடித்தோம். கருவி உலகத்தில் ஒரு திரை நூலிழை அகலமானாலும் இவருக்கு முதல் பக்கம்தான். இந்த வாரம் 'இல்லாவிட்டால் என்ன?' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தார். அந்தச் சொல் பாதியில் நிற்பது தேர்ந்த மிரட்டல்காரனின் நடை என்றும், போட்டி மன்றத்தின் கை இருக்கலாம் என்றும் நாலு பத்தி எழுதியிருந்தார்.

அண்ணி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கொம்பைப் பின்னால் காட்டுகிற கருவி ஏதாவது உண்டா?

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்துக்குத் திரைவிளக்கே தோற்றுப்போகும். உண்டாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு வந்த முதல் ரகக் கருவிகளில் தமிழ் சரியாகத் தெரியாது, கொம்பெல்லாம் பின்னால் விழும். மன்றம் பிறந்ததே அதற்காகப் போராடத்தான். மனு போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கடைசியில் புது ரகத்தில் கொம்பு முன்னால் வந்தது. அன்றைக்குக் கொம்பு வடிவத்தில் கேக் வெட்டினார்கள். வெட்டியவர் டாக்டர்.

"அந்தப் பழைய கருவி இப்ப யார்கிட்ட இருக்கு?"

எல்லோரும் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டார்களாம். டாக்டருடையதில் மட்டும் மூலையில் கீறல் இருந்ததால் கடைக்காரன் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டான்.

டாக்டரைக் கேட்டோம். யோசித்தார். வீட்டில் யாரிடமோ கொடுத்ததாகவும், யாரென்று ஞாபகம் இல்லை என்றும் சொன்னார். வீட்டில் எத்தனை பேர் என்று அண்ணி விசாரித்தார்.

"பொண்ணு வெளியூர்ல. நானும் என் சம்சாரமும்தான்" என்றார் டாக்டர், கண்கூட இமைக்காமல்.

படியிறங்கும்போது அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குப் பல் வலிக்குது."

"எனக்கா?"

"ரொம்ப நாளா."

எனக்கு வலிக்கவில்லை என்பது டாக்டருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நாற்காலியில் சாய்த்தார், விளக்கைத் திருப்பினார், நல்லவேளை வந்தீர்கள் என்றார். கால் மணி நேரத்தில் என் கடைவாய்ப் பல் ஒன்று தட்டில் கிடந்தது. வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தேன். கடமைக்காக உயிரைக் கொடுத்த உதவியாளர்கள் உண்டு, பேச்சைக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

வரவேற்பு மேஜையில் டாக்டரின் மனைவி இருந்தார். ஐம்பது வயது இருக்கும், அமைதியான முகம். பல் பிடுங்கியவர்களுக்கான அறிவுரை ஆங்கிலத்தில் அச்சடித்துத் தயாராக இருந்தது. எங்கள் வீட்டு ஆளுக்கு ஆங்கிலம் சரியாக வராது, தமிழில் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார் அண்ணி. ஆங்கிலத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் மறுக்க வாய் இல்லை.

அந்த அம்மாள் தயங்கினார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நிதானமாக எழுதினார். சூடாக எதுவும் வேண்டாம். மெதுவாக மெல்லவும். ஒரு மணி நேரம் பேச வேண்டாம். முத்து முத்தான எழுத்து, எல்லாக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "தமிழ் எங்க படிச்சீங்க?"

அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் ஆகிக்கொண்டே இருந்ததால் படித்ததெல்லாம் வேறு மொழிகளில் என்று அந்த அம்மாள் சொன்னார். பேச வரும், எழுத்து தெரியாது. நாற்பது வயதில், கணவர் தூக்கிப் போட்ட கருவியை எடுத்துத் தூசி தட்டினாராம். அதில் ஒரு குழந்தைப் பாட்டுப் புத்தகம் இருந்தது. பெண்ணுக்கு வாயால் சொல்லிக்கொடுத்த பாட்டுகள், மனப்பாடம். சத்தத்தையும் எழுத்தையும் பொருத்திப் பொருத்திப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். மன்றத்தின் அலமாரியில் ஏறுகிற புத்தகமெல்லாம் அந்தக் கருவியிலும் வந்து விழுமாம். அப்புறம் நிற்கவே இல்லை.

"கடை போர்டுல எல்லாம் கொம்பு முன்னாடி இருக்குமே, பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கேன். போர்டுன்னா அழகுக்கு அப்படிப் போடறாங்கன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பஞ்சு விடவில்லை.

"சரி" என்றார் அண்ணி, "அதுக்காகச் சொந்தப் புருஷனுக்கு மொட்டைக் கடிதமா?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "மொட்டையா? நான் யாருன்னு போட்டுத்தானே எழுதினேன். அவர் உறைக்குள்ள வெச்சேன். ஒன்பது நாளாச்சு, ஒரு வார்த்தை கேட்கலை. கோபம்னு நினைச்சுட்டேன்."

"கோபம் மாதிரி தெரிஞ்சுதா?"

"எப்பவும் மாதிரிதான் இருந்தார். அதான் கண்டுபிடிக்க முடியலை."

"எங்க போட்டீங்க, பேரை?"

"பின்பக்கம்."

பதினாலு வருஷம் பொய் விபத்துகளைப் பிடித்தவர், தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தது என்று நான் சமாதானம் சொல்லியிருப்பேன், ஒரு மணி நேரம் பேசக் கூடாதே. பிறகு அண்ணி மாடியில் நடப்பதையெல்லாம் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா என்ற பேரைக் கேட்டதும் அந்த அம்மாளின் கை நோட்டை மூடியது.

"அவங்களையா அனுப்பறாங்க?" என்றார். வரவேற்பறை விளக்கை அணைத்துவிட்டு எழுந்தார். பத்து வருஷத்தில் அவர் அந்த மாடிப்படி ஏறியது அன்றுதான் முதல் தடவையாம்.

மன்றத்தில் ஒரு நாற்காலி காலி இல்லை. மாப்பிள்ளை முதல் வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மேடையேறி, நீக்கத் தீர்மானத்தைக் கருவியில் பார்த்துப் படிக்கத் தொண்டையைச் செருமினார். டைப்பிஸ்ட் அம்மா மூலையில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும் என்றார் அண்ணி. எதற்கு என்று டாக்டர் கேட்டார்.

"பின்பக்கம் பார்க்கணும்."

"பின்பக்கமா?" என்றார் செய்தி ஆசிரியர். அப்படி ஒரு வசதி தாளில் இருப்பதை அவர் அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல இருந்தது. இந்த ஒன்பது நாளில் கடிதத்தின் படத்தை இத்தனை பேரும் நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். மையின் நிறத்தை ஆராய்ந்திருந்தார்கள். திருப்பவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தொட்டால் அடுத்த பக்கம் வருகிற உலகத்தில் அவர்கள் ரொம்ப நாளாக இருக்கிறார்கள்.

பசை வைத்தவரே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் கீழே போய்ப் பல் சுரண்டுகிற மெல்லிய கம்பி ஒன்றைக் கொண்டுவந்து மூலை மூலையாக நெம்பினார். பழக்கதோஷத்தில் வலிக்காது என்று பலகைக்கு ஆறுதல் சொன்னார். தாள் கையோடு வந்தது. திருப்பி, தலைவரின் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

'எல்லோர் முன்னாலும் உங்களுக்குத்தான் தலைகுனிவு. அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள், பாவம், அவரும் கவனித்திருக்க மாட்டார். முடிவு என்ன என்று கேட்டு எனக்கும் சொல்லுங்கள். மூன்று வாரமாக அதே யோசனை.'

குரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் இருந்த 'உங்கள் மனைவி' என்ற இரண்டு சொல்லை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"நேர்ல சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எழுதிக் குடுத்தா படிப்பீங்கன்னு நினைச்சேன்."

கூட்டத்தில் எண்பது பேருக்குமேல் தலையைக் குனிந்து தங்கள் கருவியைப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் காது வரை சிவந்து நின்றார். அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன், என் பல்லை நினைத்துக்கொண்டதும் நிறுத்திக்கொண்டேன்.

யாரோ ஒருவர் எழுந்து, அப்படியானால் பதினைந்தாம் அத்தியாயம் எங்கே என்று கேட்டார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறந்தார், தேடினார், இன்னொரு முறை தேடினார். எழுதியதாகத்தான் ஞாபகம் என்றார். கொலைகாரன் யார் என்பதை மட்டுமாவது சொல்லும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். பதினாலை இரண்டு தடவை ஒட்டியவரும் அவர்தான், தேதிக்குள் கொடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில்.

டாக்டர் கருவியில் இருந்த தீர்மானத்தை அழித்தார். டைப்பிஸ்ட் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும்போது அவர் குரல் தலைவருடையதாக இல்லை, சாதாரண மனிதருடையதாக இருந்தது. டைப்பிஸ்ட் அம்மா பரவாயில்லை என்றார். ஆனால் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. போகிற ஆள் மாதிரியே உட்கார்ந்திருந்தார். நீக்காவிட்டாலும் அவர் இனி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. யாருமே படிக்காத அலமாரிக்கு எதற்காக எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும்?

டாக்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

"நீங்கதானே டைப் பண்றவங்க? உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இருநூத்திப் பதினாலும் படிச்சாச்சு."

டைப்பிஸ்ட் அம்மா அவரை நம்பாமல் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் படித்தேன் என்று சொன்னவர்கள் எண்பத்திரண்டு பேர் அல்லவா?

"படகுக்காரன் கதை ஒண்ணு போட்டீங்களே" என்று அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதுல ஒரு எடத்துல கரைன்னு சின்ன ர வரணும். பெரிய ற விழுந்திருக்கு. படகு கறையில போய் நிக்குது."

டைப்பிஸ்ட் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவருக்கு யாரும் சொன்ன முதல் பிழை. பையைத் திறந்து பேனாவைத் தேடினார், அவசரத்தில் மூடி கழன்று எங்கேயோ உருண்டது.

"எந்தப் பக்கம்?"

"பக்கம் தெரியாது. நாப்பத்திரண்டு பர்சன்ட்."

"வேற இருக்கா?"

"இன்னும் பதினோரு எடம் இருக்கு. தப்பா நினைக்காதீங்க."

டைப்பிஸ்ட் அம்மா பையைத் தரையில் வைத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த செய்தி ஆசிரியரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அதை டாக்டர் மனைவிக்கு இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. ஒண்ணொண்ணா, மெதுவாச் சொல்லுங்க."